புலி ஸ்டிக்கரும் பச்சைத் துணியும்

நம் கம்பெனியின் விளம்பரப் பிரிவுக்குத் தமிழ்நாட்டிலிருந்து நாலு பேர் வந்து சேர்ந்திருக்கிறீர்களாம். எனக்குச் சொன்னது டெஸ்டிங் ரூம் அம்மணி. "நீங்க தமிழ்லயே எழுதிக் குடுங்க சார், இவங்களாவது படிப்பாங்க" என்று போனில் விரட்டினார். அவர் சொன்னால் நான் தட்டுவதில்லை. காரணம் கீழே வரும்.

போஸ்டர் அடிப்பது, கடைக்காரரைக் கெஞ்சி முன்வரிசை அலமாரியில் இடம் பிடிப்பது எல்லாம் அங்கேயே யாராவது சொல்லித் தருவார்கள். நான் எழுதப்போவது, நன்றி சொல்லி ஒரு கடிதம் வந்தால் என்ன செய்யவேண்டும் என்பது. திட்டி வரும் கடிதத்துக்கு எப்படிப் பதில் எழுதுவது என்று எனக்கு நன்றாகவே தெரியும். முப்பது வருஷ வேலையில் நான் வழுக்கி விழுந்தது ஒரு நன்றிக் கடிதத்தில்தான்.

முதலில் நீங்கள் வந்திருக்கும் இடத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். நாம் ஹெல்மெட் செய்கிறோம். செய்வது புனேயில். இந்த ஊர்க்காரருக்கும் ஹெல்மெட்டுக்கும் ஆகவே ஆகாது. முடி கொட்டும், கழுத்து வலிக்கும், பின்னால் வருகிற வண்டியின் ஹாரன் கேட்காது, பக்கத்துத் தெருவுக்குப் போக எதற்கு என்று ஆளுக்கு ஒரு காரணம் தயாராக வைத்திருப்பார்கள். காலை எட்டு மணிக்குக் கசார்வாடியில் நம் கம்பெனி வாசலில் நின்று பாருங்கள். ஹெல்மெட் செய்ய வருகிறவர்களில் பாதிப் பேர் அதை வண்டியின் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு வருவார்கள். கேட்டுக்குப் பத்தடி முன்னால் நிறுத்தி, தலையில் கவிழ்த்து, உள்ளே வந்ததும் கழற்றுவார்கள். நான் மட்டும் பெரிய யோக்கியன் இல்லை. டீ குடிக்க நெடுஞ்சாலை ஓரம் வரை போகும்போது நானும் வெறுந்தலையோடு போனவன்தான். முதலாளி காரில் வருவார், அவரைக் கேட்கவே முடியாது.

இப்படிப்பட்ட ஊரில் ஹெல்மெட்டை விற்க நான் கண்டுபிடித்ததுதான் புலி ஸ்டிக்கர். நம் ஹெல்மெட்டின் நெற்றியில் இருக்கும் மஞ்சள் புலி முகத்தைத் தனி ஸ்டிக்கராக அடித்து, ஒரு ஹெல்மெட்டுக்கு இரண்டு என்று இலவசமாகக் கொடுத்தோம். பிறகு கல்லூரி வாசல்களில் கட்டுக்கட்டாக விநியோகித்தோம். ஒரே வருஷத்தில் ஊர் முழுக்கப் புலி. பெட்ரோல் டேங்கில் புலி, ஆட்டோ முதுகில் புலி, ஹிஞ்சேவாடி ஐ.டி. பிள்ளைகளின் லேப்டாப்பில் புலி. என் வீட்டு ஃபிரிட்ஜில்கூட என் மகள் ஒன்று ஒட்டினாள். முதலாளி என்னை எல்லார் முன்னாலும் தோளில் தட்டி, "அண்ணா, நீ இந்த ஊரையே காடாக்கிட்டே" என்றார். மராட்டியர், எங்களுக்குள் பேச்சு இந்தியில்தான். நம் ஊர்க்காரர் எல்லாருமே அவருக்கு அண்ணா. அந்தப் புலியில் எனக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

நான் சொல்லவந்தது நான் ஓய்வு பெற்ற வருஷத்துக் கதை. அந்த வருஷம் நம் விற்பனை படுத்துவிட்டது. பக்கத்து ஊரான சாகனில் இருந்த ஒரு போட்டிக் கம்பெனி தாடை வரை மூடும் முழு ஹெல்மெட்டைக் கொண்டுவந்து கடை அலமாரிகளைப் பிடித்துக்கொண்டது. நம்மிடம் நன்றாகப் போனது தாடை திறந்திருக்கும் அரை ஹெல்மெட் ஒன்றுதான். நாமும் அவசரமாக ஒரு முழு ஹெல்மெட் கொண்டுவந்தோம், எடுபடவில்லை. தசராவுக்குத்தான் இங்கே ஜனங்கள் புது வண்டி எடுப்பார்கள், கூடவே ஹெல்மெட்டும் வாங்குவார்கள். அந்தத் தசராவில் எழுந்து நிற்கவேண்டும் என்று முதலாளி பிடிவாதமாக இருந்தார். எனக்கும் அதில் ஒரு கணக்கு இருந்தது. வயது ஐம்பத்தெட்டு முடிகிறது. தசரா நன்றாகப் போனால் இன்னும் இரண்டு வருஷம் வேலையை நீட்டித் தருவதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார். இளைய மகள் நாசிக்கில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். அந்த இரண்டு வருஷம் எனக்குக் கட்டாயம் வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் கடிதம் வந்தது. நீல மையில், தமிழில் எழுதிய நாலு பக்கக் கடிதம். வாசலில் செக்யூரிட்டி அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு என்னிடம் ஓடிவந்தான். எழுதியவர் கட்கியில் குடியிருக்கும் ஒரு அம்மாள். இந்தக் கம்பெனியில் நம் ஊர்க்காரர் ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டுத் தமிழிலேயே எழுதியிருந்தார். கணவர் ஆயுதத் தொழிற்சாலையில் வேலை பார்த்து, காலமாகிவிட்டார். என் அப்பாவும் அதே தொழிற்சாலைக்குத்தான் வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். பழைய ஆட்கள் கட்கியை இன்னும் கிர்க்கி என்றுதான் சொல்வார்கள். அம்மாளுக்கு ஒரே மகன், ஹிஞ்சேவாடியில் வேலை. ஜூலை மழையில் வாகட் பக்கம் ஒரு டெம்போ இடித்து, பைக்கோடு ரோட்டில் நெடுந்தூரம் இழுபட்டுப் போயிருக்கிறான். கை ஒடிந்தது. தலைக்கு ஒன்றும் ஆகவில்லை. புலிப் படம் போட்ட தலைக்கவசம்தான் என் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தது என்று எழுதியிருந்தார். படித்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு எழுத்து மங்கிவிட்டது.

அதை எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போய், வரி வரியாக இந்தியில் சொன்னேன். கம்பெனி முழுவதிலும் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர், நானும் டெஸ்டிங் ரூம் அம்மணியும். மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. "தலைக்கவசத்தின் உள்ளே இருந்த பச்சைத் துணியில் மட்டும் அவன் உதட்டு ரத்தம் கொஞ்சம், தலையில் ஒரு கீறல்கூட இல்லை." நான் பின்பாதியை மட்டும் சொன்னேன். விளம்பரத்துக்குப் போகப்போகிற கடிதத்தில் ரத்தம் எதற்கு என்று நினைத்தேன். யோசித்துக்கூடச் செய்யவில்லை, நாக்கே தாண்டிப் போய்விட்டது. அத்தனை வருஷம் விளம்பரத்துக்கு எழுதி எழுதி எது கூடாதோ அதை நானாகவே வெட்டிவிடும் பழக்கம் வந்திருந்தது.

முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். நிஜமாகத்தான். துடைத்து முடித்ததும், "அண்ணா, இதுதான் நம்ம தசரா" என்றார். பழைய மும்பை நெடுஞ்சாலையில் பெரிய பெரிய பேனர்கள். தாயும் மகனும் நிற்கும் படம். "என் மகனைக் காப்பாற்றினீர்கள், நன்றி" என்று மராட்டியில் ஒரு வரி. கீழே மூலையில் நம் அரை ஹெல்மெட். மறுநாளே போட்டோகிராபரோடு நான் கட்கிக்குப் போனேன்.

இரண்டு அறை வீடு. அந்த அம்மாள் எனக்கு நாலைந்து வயது இளையவர். ஹெல்மெட்டைச் சாமி அலமாரியில், முருகன் படத்துக்குப் பக்கத்தில் வைத்து, மேலே பட்டுத் துணி போர்த்தி, குங்குமமும் வைத்திருந்தார். துணிக்கு வெளியே மஞ்சள் புலி மட்டும் தெரிந்தது. பூஜையில் இருப்பதை எடுத்துப் புரட்டக் கூடாது என்று நான் தொடவில்லை. மரியாதை என்று அப்போது நினைத்தேன். போட்டோகிராபர் புலி தெரிகிற மாதிரி தாயையும் மகனையும் நிற்கவைத்து எடுத்தார். மகன் கையில் கட்டோடு, சொன்னபடியெல்லாம் நின்றான்.

கிளம்பும்போது அந்த அம்மாள், "ஒண்ணே ஒண்ணு கேக்குறேண்ணா" என்றார்.

"சொல்லும்மா."

"இத செஞ்சவங்க கைய நான் பாக்கணும். மெஷின்ல செய்றாங்களோ கைல செய்றாங்களோ, யாரோ ஒருத்தர் தொட்டுத்தானே அனுப்பிச்சிருப்பாங்க? ஆயுத பூஜை அன்னிக்கு சுண்டல் செஞ்சு எடுத்துக்கினு வர்றேன். ஆளுக்கு ஒரு பொட்லம் என் கையால குடுக்கணும். எத்தினி பேருன்னு மட்டும் சொல்லுங்க."

"தாராளமா வாம்மா" என்றேன். அதையும் போட்டோ எடுத்தால் நன்றாக இருக்கும் என்று உடனே தோன்றியதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பெருமை தாங்காமல் கடிதத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கேன்டீன் போர்டில் ஒட்டினேன். மற்ற யாருக்கும் படிக்கத் தெரியாது, எழுத்தையாவது பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று. இரண்டு நாள் கழித்து டெஸ்டிங் ரூம் அம்மணி என் மேஜை முன்னால் வந்து நின்றார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட இருக்காது. கோயமுத்தூர்ப் பக்கம். ஹெல்மெட்டுக்குள் இரும்புத் தலையை வைத்து உயரத்திலிருந்து கீழே போட்டு, உள்ளே எவ்வளவு அடி இறங்குகிறது என்று பார்ப்பதுதான் அவர் வேலை. நாள் முழுக்க அந்த அறையிலிருந்து தடால் தடால் என்று சத்தம் வரும்.

"சார், அந்தக் கடுதாசி படிச்சனுங்க. பச்சைத் துணின்னு எழுதியிருக்காங்க. நம்முளுதுல ஏதுங்க பச்சைத் துணி? கறுப்பு, இல்லைன்னா மெரூன். நான் வந்து ஆறு வருஷத்துல பச்சை பாத்ததே இல்லீங்க."

"துணி கிழிஞ்சு மாத்தியிருப்பாங்கம்மா" என்றேன்.

"ஹெல்மெட்டைப் பாத்தீங்களா சார்?"

"பார்த்தேன்."

"உள்ள?"

எனக்குக் கோபம்தான் வந்தது. தன் அறையில் இரும்புத் தலையோடு விளையாடாமல் இவளுக்கு ஏன் இந்த வேலை என்று நினைத்தேன். ஆனால் அந்த வரியை நான் படித்தேன், படித்துவிட்டுத் தாண்டினேன் என்பது எனக்குத் தெரியுமே. அன்று மாலையே இருவரும் கட்கிக்குப் போனோம்.

அந்த அம்மாள் டீ போட உள்ளே போனார். அம்மணி செருப்பைக் கழற்றி, கை கழுவிவிட்டு வந்து, அலமாரியை ஒரு கும்பிடு போட்டு ஹெல்மெட்டை எடுத்தார். திருப்பினார். பச்சைத் துணி. உள்ளே ஒட்டியிருந்த சீட்டில் சாகன் கம்பெனியின் பெயர். புலிக்கு அடியில், நெற்றியில், அதே பெயர் மேடாகக் கைக்குத் தட்டுப்பட்டது. அது தாடை வரை மூடும் முழு ஹெல்மெட். தாடைப் பக்கம் முழுவதும் தார் ரோட்டில் தேய்ந்து, ஓட்டில் விரல் நுழையும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது.

மகனைக் கேட்டேன். அவன் வீட்டில் பேசும் தமிழே அரைகுறை.

"அங்கிள், அது ஆக்சுவலி வேற கம்பெனிதான். அந்த நேம் அச்சா நஹி லகா, பிடிக்கல. உங்க டைகர் காலேஜ் டைம்ல கேட்ல ஃப்ரீயா குடுத்தது, வச்சிருந்தேன், மேல ஒட்டிட்டேன். அம்மா லெட்டர் எழுதினது எனக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் எனக்குப் படிக்க வராது. நீங்க ஃபோட்டோ எடுக்க வந்தப்போ ரெண்டும் ஒரே கம்பெனி போலன்னு நெனச்சேன்."

அந்தப் புலி நான் விநியோகித்த புலி. கர்வத்தோடு ஊரெல்லாம் ஒட்டவைத்தது போய், இன்னொருவன் வேலைக்கு வரவேண்டிய நன்றியின் மேல் ஒட்டி உட்கார்ந்திருந்தது.

"நான் பார்த்துச் சொல்லிக்கிறேன், நீ இப்ப ஒண்ணும் சொல்லாதே" என்று அவனை அடக்கினேன். அந்த அம்மாள் டீயோடு வந்து, சாமி அலமாரியில் ஹெல்மெட் இல்லாததைப் பார்த்தார். "இன்னாண்ணா பாக்குறீங்க?"

"ஒண்ணுமில்லம்மா, நம்பர் பார்க்குறோம்" என்றேன்.

திரும்பும்போது தாபோடி சிக்னலில் அம்மணி ஒன்றே ஒன்று கேட்டார். "நம்ம அரை ஹெல்மெட்டைப் போட்டிருந்தா அந்தப் பையன் தாடை என்னாயிருக்குமுங்க சார்?"

பேனரின் மூலையில் இருப்பது அந்த அரை ஹெல்மெட்தான். ஒரு தாய் சொல்கிறாள் என்று நம்பி எத்தனை பேர் அதை வாங்குவார்கள். அவர்களில் யாராவது தாடையை ரோட்டில் தேய்க்கும் நாளும் வரும். நாங்கள் அரை ஹெல்மெட் செய்வதில் தப்பில்லை. அது காக்கும் அளவுக்குக் காக்கும். காக்காத ஒன்றைக் காத்தது என்று நான் எழுதினால்தான் தப்பு. பச்சை விளக்கு விழுந்து பின்னால் எல்லாரும் ஹாரன் அடித்த பிறகுதான் வண்டியை எடுத்தேன்.

மறுநாள் காலை முதலாளியிடம் சொன்னேன். தசராவுக்குப் பத்தே நாள். பேனர்கள் அச்சாகி வந்து ஸ்டோர் ரூமில் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. அவர் பேசியதைத் தமிழில் தருகிறேன்.

"அரே அண்ணா, புலி நம்மதுதானே?"

"நம்மதுதான் சாஹேப்."

"அந்த அம்மா புலிக்குத்தானே நன்றி சொன்னாங்க? கடிதம் நிஜம். தாய் நிஜம். பையன் உயிரோட இருக்கான், அதுவும் நிஜம். இதுல பொய் எங்கே இருக்கு காட்டு."

யோசித்துப் பாருங்கள், அவர் சொன்னதில் ஒவ்வொன்றும் உண்மைதான். உங்களுக்கும் இந்த மாதிரி ஒரு நாள் வரும். எல்லாம் உண்மையாக இருக்கும், சேர்த்து வைத்தால் பொய்யாக இருக்கும். அந்த நேரத்தில் வாதாடாதீர்கள். வாதத்தில் முதலாளிகளை ஜெயிக்க முடியாது. நான் கடிதத்தை எடுத்தேன்.

"சாஹேப், அன்னிக்கு நான் இதைச் சரியாப் படிக்கலை. ஒரு வரியை முழுங்கிட்டேன். தப்பு என்னுது. இப்ப முழுசாப் படிக்கிறேன்."

நாலு பக்கத்தையும் முதலிலிருந்து படித்தேன். பச்சைத் துணி வந்தது. ரத்தம் வந்தது. எதையும் விடவில்லை. நடுவில் அவர் கை காட்டி நிறுத்தச் சொன்னார். நிறுத்தாமல் கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் தலை நிமிர்ந்தேன்.

"இந்தத் தமிழை யாரு படிக்கப் போறாங்க?" என்றார்.

"நான் படிச்சுட்டேன். டெஸ்டிங்ல அந்தப் பெண்ணும் படிச்சிருக்கா."

"பேனரை நிறுத்தினா தசரா போச்சு. உன் ரெண்டு வருஷமும் போச்சு. தெரிஞ்சுதான் பேசறியா?"

"தெரிஞ்சுதான் சாஹேப். என் பேர்லயே எழுதிக் குடுக்கிறேன், தப்பு விளம்பரப் பிரிவுதுன்னு. பேனர் ஏறக் கூடாது."

பயமாக இருந்தது. நாசிக்கில் இருக்கும் மகள் ஞாபகம் வந்தது. ஆனாலும் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். அவர் இரண்டு போன் பேசினார், டீ வரவழைத்துத் தான் மட்டும் குடித்தார், கணக்கரைக் கூப்பிட்டு வேறு ஏதோ கேட்டார். நான் உட்கார்ந்தே இருந்தேன். கடைசியில், "போ. ஏத்தலை. என் கண்ணு முன்னால நிக்காதே" என்றார்.

சொன்னபடியே செய்தார். இரண்டையும். பேனர் ஏறவில்லை, என் வேலையும் நீளவில்லை. அந்த டிசம்பரிலேயே சால்வை போர்த்தி, தேங்காய் கொடுத்து, நினைவுப் பரிசாக ஒரு அரை ஹெல்மெட்டும் கொடுத்து அனுப்பிவைத்தார். அச்சடித்த பேனர்களை வீணாக்கக் கூடாது என்று நம் வண்டி ஷெட்டுக்குக் கூரையாகப் போட்டுவிட்டார். இன்றைக்கும் ஷெட்டுக்குள் நின்று மேலே பாருங்கள், வெயிலுக்கு வெளுத்துப்போன ஒரு தாயும் மகனும் தெரிவார்கள். அவர்களுக்குக் கீழேதான் கண்ணாடியில் மாட்டிய ஹெல்மெட்டுகள் வரிசையாகத் தொங்குகின்றன. அந்த மனிதர்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, நன்றியும் இருக்கிறது. எனக்கு இனி வேலை இல்லை என்று சொல்ல அவருக்கு அதிகாரம் இருந்தது. பேனரை ஏற்றவும் அதிகாரம் இருந்தது. ஏற்றவில்லையே.

ஆனால் வேலை போனதைவிடக் கஷ்டமான ஒன்று இருந்தது. அந்த அம்மாளிடம் சொல்லவேண்டும். முதலாளியிடம் பேசிய மறுநாளே தனியாகப் போனேன். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன், நான் தாண்டிய வரி உட்பட. அழுவார், வெளியே போ என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு.

"அன்னிக்கே ஏண்ணா சொல்லல? சாமிகிட்ட இருந்தத கைல வச்சிக்கினு நம்பர் பாக்குறோம்னு சொன்னீங்களே. ஒரே ஊருக்காரர்னு உங்கள நம்பி அந்த நாலு பக்கம் எழுதுனேன்."

"தப்புதாம்மா, மன்னிச்சுக்கோ" என்றேன். அவர் எழுந்து போய் ஹெல்மெட்டையும் தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"நீங்களே எடுத்துடுங்க."

எண்ணெய் தடவி, நகத்தால் சுரண்டிச் சுரண்டிப் புலியை எடுத்தேன். நல்ல பசையாகப் போடச் சொன்னவனே நான்தான், லேசில் வரவில்லை. கடைசியில் அடியில் இருந்த பெயர் ஒரு கீறல்கூட இல்லாமல் பளிச்சென்று வந்தது. அவர் அதன்மேல் விரலை ஓட்டிப் பார்த்தார்.

"இவங்க எங்க இருக்காங்க? எத்தினி பேரு?"

அதுதான் அவர். கை நன்றியோடு இருக்கிறது, கொடுக்கவேண்டிய இடம் மாறிவிட்டது, அவ்வளவே.

சாகன் கம்பெனியின் விளம்பர அதிகாரியும் நானும் பத்து வருஷம் கடை அலமாரிகளுக்காகச் சண்டை போட்டவர்கள். நான் போன் செய்ததும், "என்ன புது வித்தை?" என்றான். இரண்டு முறை வைத்துவிட்டான். மூன்றாம் முறை அந்த அம்மாளையே பேசவைத்தேன். அவருக்கு இந்தி உடைந்து உடைந்துதான் வரும். அது போதுமாக இருந்தது. ஆயுத பூஜை அன்று காலை பதினொரு மணிக்கு வரச் சொன்னான். ஹெல்மெட்டைப் பொருத்தி முடிக்கும் அசெம்பிளியில் அறுபத்திரண்டு பேர் என்றான்.

அந்த அம்மாள் அறுபதுக்கு மேல் சுண்டல் பொட்டலம் கட்டி, இரண்டு பைகளோடு வாடகைக் காரில் வந்தார். மகன் கை சரியாகி, பைக்கில் புது ஹெல்மெட்டோடு பின்னாலேயே வந்தான். நான் என் ஸ்கூட்டரில் போனேன், தலையில் ஹெல்மெட்டோடு. அன்றிலிருந்து டீக்கடைக்கும் அப்படித்தான் போகிறேன். கேட்டில் இருந்த காவலாளி என் நெற்றிப் புலியைப் பார்த்தான். "இது உள்ளே வரக் கூடாது" என்றான். சரிதான் என்று வெளியே சுவரோரம் நின்றுகொண்டேன்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. வெளியே வந்தபோது அந்த அம்மாளின் பைகள் ஏறக்குறைய காலி. புடவைத் தலைப்பை இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்திருந்தார். அதற்குள் தேங்காயும் ரவிக்கைத் துண்டும் அரிசியும். மராட்டியப் பெண்கள் வீட்டுக்கு வந்த சுமங்கலிக்கு இப்படி மடி நிரப்பி அனுப்புவார்கள். கணவனை இழந்தவருக்குச் செய்கிற வழக்கம் இல்லை. அசெம்பிளியில் இருந்த பெண்கள் வழக்கத்தைக் கேட்கவில்லையாம்; பச்சைத் துணி தைக்கிற பெண் ஒருத்தி முதலில் எழுந்து வந்தாளாம். அதைச் சொல்லும்போதுதான் அவர் அழுதார். நானும் அழுதேன். காவலாளி வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

மடியில் இருந்ததை ஒரு பையில் போட்டுக்கொண்டு, இன்னொன்றிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினார். "அறுவத்தி மூணு கட்னேன். இது உங்களுது."

கார் காத்திருக்கவில்லை, போய்விட்டது. மகனின் பின்னால் உட்கார்ந்து வீட்டுக்குப் போகலாம் என்று ஏறப்போனார். தலையில் ஒன்றும் இல்லை. பின்னால் உட்காருகிறவர்களுக்கு எதற்கு என்பது இந்த ஊரின் இன்னொரு காரணம். நான் குறுக்கே போய் நின்றேன். என் ஹெல்மெட்டைக் கழற்றி நீட்டினேன். அந்த வருஷம் நாம் புதிதாகக் கொண்டுவந்த முழு ஹெல்மெட், நெற்றியில் மஞ்சள் புலி.

அவர் உடனே போட்டுக்கொள்ளவில்லை. இரண்டு கையாலும் வாங்கி, தலைகீழாகத் திருப்பி, உள்ளே பார்த்தார். துணியை விரலால் விலக்கி, ஒட்டியிருந்த சீட்டின் பெயரையும் பார்த்தார்.

"கறுப்பு" என்றார்.

"ஆமாம்மா. எங்களுது கறுப்புத்தான்."

"சரி" என்று சொல்லித் தலையில் போட்டு, வாரை மாட்டிக்கொண்டார்.

வெறுந்தலையோடு ஸ்கூட்டரை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. போட்டிக் கம்பெனியின் கேட்டிலேயே அதை விட்டு, சாவியைக் காவலாளியிடம் கொடுத்து, மறுநாள் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றேன். பஸ் பிடித்து, நின்றபடியே சுண்டலைத் தின்றுகொண்டு கசார்வாடி வந்து சேர்ந்தேன்.